இரண்டரை மணி நேரத் தூரம்

1

"ஆகாய விமானத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பும். நம்மூர் ஜனங்கள் வாயைப் பிளக்கட்டும்" என்று நாகர்கோவிலில் பத்திரிகை நடத்தும் நண்பர் எழுதியிருந்தார். அவர் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. மேஜையில் கிடந்து மஞ்சளித்துப் போய்விட்டது. இன்று பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேட்டதும் இதில் இருக்கும், கேட்காததும் இருக்கும். வேண்டாததை அடித்துக்கொள்ளட்டும்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கும் பாரிஸுக்கும் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய இருநூற்று இருபத்தைந்து மைல். நாகர்கோவிலில் ஏறித் திருச்சிராப்பள்ளியில் இறங்குகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கொஞ்சம் கடல். ரயிலும் கப்பலுமாக மாறிப் போனால் காலையில் கிளம்பினவன் சாயங்காலம் போய்ச் சேருவான். விமானத்தில் இரண்டரை மணி நேரம். எதிர்காற்று அடித்தால் கொஞ்சம் கூடும். இதை ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லுவதுதான் எனக்கு உத்தியோகம். ஒரு பிரயாணச் சீட்டுக் காரியாலயத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். அவளுடைய அக்காவுக்குப் பாரிஸில் பிரசவ காலமாம். விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். சொன்னேன். "அடேயப்பா, அவ்வளவு பக்கமா! அப்படியானால் அவசரமில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "இன்றைக்கே போ! மத்தியானம் ஒன்று கிளம்புகிறது, அதிலே போ!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி என்னை உள்ளே அழைத்து, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். இங்கே ஏசுவதைக்கூட அப்படித்தான் ஏசுவார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மகள் செண்பகம் செத்து இன்றோடு ஒரு வருஷம்.

2

நான் இங்கே வந்த கதை சின்னதுதான். குலசேகரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். சனிக்கிழமை தோறும் இரணியலில் என் வீட்டுக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவேன். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பி லண்டனில் ரப்பர் தரகு தொடங்கியபோது, என் கையெழுத்து அழகு என்று என்னையும் வரச் சொன்னார். கடல் தாண்டினால் சாதியில் சேர்க்க மாட்டோம் என்று என் சித்தப்பா குதித்தார். நான் அவரைவிட இரண்டு பங்கு குதித்தேன். பெண்சாதி நீலம்மையையும் ஏழு வயசுச் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். பிறகு ரப்பர் விலை அடியோடு விழுந்தது. துரை கடையைச் சாத்தினார். நான் இந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் வீட்டுக்காரக் கிழவியிடம் ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது நம்மூர்ப் பழக்கத்தில் "வாறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லுவேன். பாவம், நான் உடனே திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்து அவள் டீயை ஆறவிட்டுக் காத்திருப்பாள். அதைச் சொல்லிச் சொல்லிச் செண்பகம் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆறே மாதத்தில் அவளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் எனக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்தாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? தமிழ்ல சொல்லு" என்பேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவள் அம்மாவிடம் மட்டும் தமிழ்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அடுப்பங்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவார்கள். நீலம்மை சிலேட்டில் எழுதிக் காட்டி அவளுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். பெண்பிள்ளைகள் பொழுதுபோகாமல் பேசுகிறார்கள் என்று நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். என் மகள் நம்முடையதையெல்லாம் உதறிவிட்டாள் என்று ஊருக்கு எழுதின கடிதங்களில் நானே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! அடுப்பங்கரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

3

செண்பகத்துக்குத் தையலில் கை நன்றாக ஓடும். இருபது வயசில் பாரிஸில் ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்துப் போனாள். போகக் கூடாது என்றேன்; போனாள். போய் ஒரு வருஷம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ரத்தினம் என்று புதுச்சேரிப் பையன், புத்தகம் பைண்டு செய்கிற இடத்தில் வேலை, அடுத்த மாதம் கல்யாணம், அப்பாவும் அம்மாவும் வந்து நடத்திக்கொடுக்க வேண்டும்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆடின ஆட்டத்தில் மாடியில் குடியிருந்தவன் இறங்கி வந்து கதவைத் தட்டினான்.

"பாத்தியா பிள்ளே! பெண்ணைப் பெத்தவன் நானாக்கும். என் மகள் கல்யாணத்துக்கு என்னையே கார்டு போட்டுக் கூப்பிடுகா!"

"அவளுக்கு அங்க யாரு இருக்கா? அவதானே எழுதணும்" என்றாள் நீலம்மை.

"அவனுக்குக் காலில்லியா? தமிழன்தானே, மொறை தெரியாதா? நாலு பேரோட வாசலேறி வந்து பொண்ணு கேக்கட்டு. ரெண்டரை மணி நேரம்தானே!"

அன்று ராத்திரியே எழுதினேன். பெண் கேட்டு வராதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். நல்ல காரியத்துக்கு முறையாக அழைத்தால் ஒழிய நாங்கள் யார் வாசலையும் மிதிக்கிறதில்லை, உனக்கு மறந்துபோயிருக்கலாம். வரப் பிரியமிருந்தால் வழி இதோ. அத்துடன் ஆபீஸிலிருந்து ஒரு விமானக் கால அட்டவணையை எடுத்து, பாரிஸிலிருந்து புறப்படுகிற நேரங்களுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு மடித்து வைத்தேன். அப்போது அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

பதில் தமிழில் வந்தது. எழுத்தெல்லாம் கோணல்மாணலாக, ஐந்து வயசுப் பிள்ளை எழுதினது போல.

"அப்பா, அவருக்குச் சொந்தம்னு இங்க யாரும் இல்ல. அவராவது வந்து உங்களக் கேக்கணும்னு ரெம்ப ஆசை. அவரு பிரெஞ்சுக்காரங்க பிரஜை. இங்கிலாந்துக்கு வர முத்திரை குத்தித் தர மாட்டேங்காங்க. மூணு தடவை போயாச்சு. தாள் உள்ள வச்சிருக்கேன். உங்ககிட்ட பாஸ்போர்ட்டு இருக்கே, நீங்க வாங்கப்பா. ரெண்டரை மணி நேரம்தானே."

அந்தத் தாள் பிரெஞ்சு பாஷையில் இருந்தது. ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவனிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பான். காட்டவில்லை. சாக்குச் சொல்லுகிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவச விமானச் சீட்டு உண்டு. அந்த வருஷச் சீட்டும் வீணாகத்தான் போயிற்று.

அவர்கள் நகர மன்றத்தில் கையெழுத்துப் போட்டு மாலை மாற்றிக்கொண்டார்கள்.

4

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீலம்மைக்குச் சுசீந்திரம் பக்கம். எங்கள் கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவுக்கு இலை போடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான், இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. மாமனாரும் என்னைவிட வீறாப்பில் குறைந்தவரல்ல. நீலம்மை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் ஆறாம் மாதம் வரை ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் பிறந்தது. ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் மெத்தை போட்டு, ஜமுக்காளம் விரித்திருந்தது. மாமனார் இறங்கி முற்றத்தில் நின்றார். குடைகூட இல்லை. என் அம்மா உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினாள். வரவில்லை. சுக்குக் காப்பி கொண்டு நீட்டினாள். வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"மக்களே, நீலம்மே. வா, போவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அழைப்பும் வேண்டாம், பகையும் தடையில்லை. இலை போட்ட சண்டை வேறு, பேறுகாலம் வேறு என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. வண்டியில் ஐந்தாறு மணி நேரம். ஆற்றில் வெள்ளம். மகளை மெத்தையில் படுக்கவைத்துவிட்டு, வண்டி குலுங்காமல் இருக்க அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு முழுத் தூரமும் நடந்தே போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தப் பேற்றில் பிறந்தவள்தான் செண்பகம்.

இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தவன் நான்.

5

போன வருஷம் செண்பகம் அம்மாவுக்கு எழுதினாள், ஏழு மாதம் ஆகிறதென்று. வேறே ஒன்றும் கேட்கவில்லை. நீலம்மை கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுப் பின்னறையைக் கழுவித் துடைத்தாள். கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டாள். என் பழைய வேட்டிகளில் மெத்தென்று இருந்த இரண்டை எடுத்துப் பிள்ளைத்துணிக்கு என்று பாரிஸுக்குத் தபாலில் அனுப்பினாள்.

"எப்பப் போறோம்?" என்றாள்.

"எங்க?"

"என்ன கேள்வி கேக்கியோ? பிள்ளையைக் கூட்டிட்டு வர."

"அவ வரட்டு. நான் என்ன கதவைச் சாத்தியா வச்சிருக்கேன்?"

"எந்தப் பொண்ணு தலைப்பிள்ளைக்குத் தானா பெட்டியத் தூக்கிட்டு வருவா? கூப்பிட நாதியில்லாதவளாக்கும் அப்படி வருவா. எங்க அப்பா வந்தாவளா இல்லியா?"

"உங்கப்பா கதையை எடுக்காதே. அவன் வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டு, அன்னைக்கே போறேன்."

"கேக்க அவனை உள்ள விடமாட்டேங்கானுவளே, உங்க வெள்ளைக்காரனுவ!"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீலம்மை தனியாகப் போக முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் ஒன்றுதான். அதில் என் பேருக்குக் கீழே மனைவி என்று ஒரு வரியாக அவள் இருக்கிறாள். நான் போனால் அவளும் போகலாம், நான் போகாவிட்டால் அந்த வரி நகராது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கோ விசாரித்துத் தனிப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பத் தாள் வாங்கி வந்துவிட்டாள். "இத நிரப்பித் தாங்கோ" என்று என் முன்னால் வைத்தாள். நாளைக்கு ஆகட்டும் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். தாளை இழுப்பறையில் போட்டு அதன் மேல் கால அட்டவணைகளை வைத்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்கு இது போன்ற தாள்களை நிரப்பிக் கொடுக்கிறவன் நான். பத்து நிமிஷ வேலை.

எட்டாம் மாதம் போயிற்று. ஒன்பதாம் மாதம், இனிப் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என ஒரு கார்டு வந்தது. ஆகா, தானாகவே தீர்ந்தது என்று எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதிகூட வந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் வந்தது.

பதினாறு நாள் கழித்து ஆபீஸுக்குத் தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் இரண்டு பேரும்.

6

கெட்ட காரியத்துக்கு அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் நம் முறைதான். காதில் விழுந்த உடனே கிளம்ப வேண்டும். அந்த முறையை நான் ஒரு நூல் பிசகாமல் நிறைவேற்றினேன். மேலதிகாரியிடம் இலவசச் சீட்டு கேட்டேன். உடனே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு ஓடிவந்து நீலம்மையைப் புறப்படச் சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் வரல்ல. கூட்டிட்டு வரப் போறதுன்னா வந்திருப்பேன். எழவுக்கு நீங்க போங்கோ" என்றாள். அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பிடி அரிசியை என் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து என் சட்டைப்பைக்குள் வைத்தாள். "வாயில போட்டுட்டு வாங்கோ."

க்ராய்டன் விமானத் துறையில் பிரயாணிகளையும் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். விமானம் தாங்க வேண்டுமல்லவா. நிறுத்தார்கள். உட்காரப் பிரம்பு நாற்காலி; இரைச்சலுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். இத்தனை வருஷம் பிறத்தியாருக்கு வழி சொன்னவன் அன்றுதான் முதல் தடவையாக ஏறினேன். கடல் வந்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அரை மணிகூட ஆகவில்லை, அந்தக் கரை தெரிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்னால் இருந்தவர், நான் ஆச்சரியப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்துத் தலையை ஆட்டினார். தரை இறங்கும்போது இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம். நான் ஜனங்களுக்குச் சொல்லிவந்த கணக்கு சரிதான்.

அங்கே பாஸ்போர்ட்டைப் புரட்டின உத்தியோகஸ்தன் அரைகுறை இங்கிலீஷில், யாரைப் பார்க்க வந்தாய் என்றான். மகளை என்றேன். உன்னை எதிர்பார்த்திருக்கிறாளா என்று கேட்டான். இல்லை என்றேன். முத்திரை குத்தினான்.

ரத்தினத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில். ஒல்லியான பையன். விரலெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் காலில் விழுந்தான். "மன்னிச்சிடுங்க மாமா. வந்து கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றான். அவனைத் தூக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. செண்பகத்தின் வாயில் அரிசி போட்டேன். பிள்ளையை அவள் மார்பிலேயே வைத்து மூடினார்கள். பெண்பிள்ளை. ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில், எனக்குப் புரியாத பாஷையில் நாலு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குழி தந்தார்கள்.

பிறகு அவர்கள் குடியிருந்த அறைக்குக் கூட்டிப்போனான். ஆறாவது மாடி. கதவைத் திறந்தால் காலில் இடிக்கிறது ஒரு தகரப் பெட்டி. இரணியலிலிருந்து கப்பலில் எங்களோடு வந்த பெட்டி, அவள் பாரிஸுக்குப் போகும்போது கொண்டுபோனது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. தட்டுமுட்டுச் சாமானை இவ்வளவு சீக்கிரம் கட்டிவிட்டானே என்று நினைத்தேன்.

"ஊருக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அது செண்பகம் கட்டினது."

"எப்போ?"

"ஏழாம் மாசமே கட்டிடுச்சி. உள்ளே எல்லாம் குழந்தைத் துணி. நடுவுல ஏதாவது எடுக்கணும்னா அவுத்து எடுத்துட்டு மறுபடியும் கட்டி வச்சிடும். நான் சொன்னேன், நாமளே ரயிலேறிப் போயிடலாம், நான் கப்பல் வரைக்கும் வரேன், அங்கிருந்து உங்கம்மா வீடுதானேன்னு. கேக்கல. எங்கப்பா வருவாங்க, எங்க தாத்தா பேசாமப் பழகாம இருந்தப்பவே மழையில வந்து நின்னாங்களாம், அப்பா வராம இருப்பாங்களான்னு சொல்லும். நீங்க அனுப்பின அட்டவணையைச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கு, பாருங்க. அதுல வந்து சேர்ற நேரம் பார்த்து, தினம் சாயங்காலம் ஜன்னல்கிட்ட போய் உக்காந்துக்கும்."

சுவரில் பார்த்தேன். நான் சிவப்புக் கோடு போட்டது பாரிஸிலிருந்து புறப்படுகிற நேரங்களுக்கு. அதற்கு எதிர்ப் பக்கத்தில், லண்டனிலிருந்து வந்து சேருகிற நேரங்களுக்கெல்லாம் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

உதறிவிட்டாள், மறந்துவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் எழுதினேனே, அந்தப் பெண் நம் முறையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நானும் முறையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருவருக்காவது அது மறந்து தொலைந்திருக்கக் கூடாதா!

பெட்டியைக் கொண்டுபோகிறேன் என்றேன். ரத்தினம் அதைத் தோளில் ஏற்றி ஆறு மாடியும் இறங்கினான். விமானத் துறையில் என்னை ஒரு தராசிலும் பெட்டியை இன்னொன்றிலும் வைத்தார்கள். பெட்டி கனமேயில்லை. யாருடையது என்று கேட்டார்கள். மகளுடையது என்றேன். அவள் கூட வருகிறாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எடையை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து அடித்தது. இரண்டரை மணிகூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துக் கதவைத் தட்டினேன். நீலம்மை திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். குனிந்து அந்த முடிச்சைத் தொட்டாள். அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சுத்தான்.

"கூட்டிட்டு வந்திட்டியளா?" என்றாள்.

பிறகு ஒரு பக்கத்துப் பிடியை அவள் பிடித்தாள், மறுபக்கம் நான் பிடித்தேன். பின்னறைக்குக் கொண்டுபோய், ஜன்னலோரக் கட்டிலில் விரித்திருந்த மெத்தையின் மேல் வைத்தோம்.